ஆரா பைதானா என்பது பழைய சண்டை: காலிக் கட்டத்தை யார் எப்படி நடத்துகிறார்கள்?

"டேட்டா அனாலிசிஸுக்கு ஆர் படிக்கலாமா, பைதான் படிக்கலாமா?" என்று இந்த இரண்டு புரோகிராமிங் மொழிகளைப் பற்றிப் பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் வாதாடியிருப்பேன். இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் டேட்டாவில் காலிக் கட்டங்கள் எத்தனை? கிண்டல் இல்லை. வேகத்தில் இன்று எல்லாருக்கும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஒரே டேட்டாவைக் கொடுத்தால் இந்தக் கருவிகள் வேறு வேறு விடை சொல்கின்றன, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சின்னதாக ஒன்று பார்ப்போம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று எட்டு எண்கள். இதன் திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பைதானின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையிடம் கேட்டால் 2 என்கிறது. ஆரிடம் கேட்டால் 2.138. இரண்டும் தப்பில்லை, நம்பை 8-ஆல் வகுக்கிறது, ஆர் இதைப் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சாம்பிள் என்று எடுத்துக்கொண்டு 7-ஆல் வகுக்கிறது. பைதானில் அட்டவணை வேலைக்கான பாண்டாஸ், போலார்ஸ், எஸ்க்யூஎல் வினவல் மொழியில் பேசும் டேட்டாபேஸான டக்டிபி மூன்றும் இதில் ஆர் பக்கம். அதாவது நம்பையின் மேல் எழுந்த பாண்டாஸே நம்பையோடு ஒத்துப்போவதில்லை, ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்கு நோட்டு.

இப்போது காலிக் கட்டத்துக்கு வருவோம். 1, அடுத்தது காலி, அப்புறம் 3. சராசரி என்ன? ஆர் "தெரியாது" என்று என்ஏ-வை நீட்டும். காலியை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் 2 வரும். பாண்டாஸ், போலார்ஸ், டக்டிபி எல்லாம் கேட்காமலே 2 தந்துவிடும். ஆரின் இந்தப் பிடிவாதம் ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். (ஆர் மட்டும் உத்தமம் என்றும் இல்லை. அதன் ஜிஎல்எம் என்னும் புள்ளியியல் மாடலில் காலி உள்ள வரிசைகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, சம்மரியின் அடியில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும்.)

நான் நன்றாக மாட்டியது குரூப்பையில், அதாவது வரிசைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் கட்டளையில். சுமார் 12,000 வரிசை, பகுதிவாரியாகப் பிரித்து எண்ணிக்கை எடுத்து அறிக்கையும் அனுப்பியாகிவிட்டது, மறுநாள் ஒருவர் எல்லாக் குழுக்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு "11,300 சொச்சம்தானே வருகிறது, மீதி எங்கே?" என்றார். பகுதி காலியாக இருந்த வரிசைகளைப் பாண்டாஸ் கழித்துவிட்டிருந்தது. அதன் இயல்பு அமைப்பே அதுதான். எரர் இல்லை, வார்னிங் இல்லை. இதே வேலையை ஆரின் டிப்ளையர் தொகுப்பில் செய்தாலும், போலார்ஸில் செய்தாலும், டக்டிபியில் எஸ்க்யூஎல் எழுதினாலும் காலி என்பதே தனிக் குழுவாக வந்து நிற்கும், நம் கண்ணிலும் படும்.

பாண்டாஸின் இன்னொரு பழைய வியாதி: முழு எண்கள் உள்ள நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியானாலும் மொத்த நெடுவரிசையும் தசம எண்ணாக மாறிவிடும். 101 என்ற அடையாள எண் 101.0 ஆகிவிடும், அதை எழுத்தாக மாற்றி இன்னொரு அட்டவணையோடு இணைத்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. காலியைத் தாங்கும் முழு எண் வகை பாண்டாஸில் இப்போது இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். போலார்ஸ் இந்தத் தலைவலி இல்லாமலே பிறந்தது. அதில் "மதிப்பு இல்லை" என்பதும் "எண்ணே இல்லை" என்பதும் தனித்தனி.

சரி, வேகம். 2008-இல் பாண்டாஸைத் தொடங்கிய வெஸ் மெக்கினியே, டேட்டா எவ்வளவோ அதைப்போல 5 முதல் 10 மடங்கு ரேம் வேண்டும் என்று 2017-இல் எழுதினார். உருவாக்கியவரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்ல? அந்த இடத்தில்தான் மற்ற இரண்டும் நுழைந்தன. ரிச்சி விங்க் 2020-இல் ரஸ்ட் மொழியில் தொடங்கிய போலார்ஸ் 2024 ஜூலையில் 1.0 ஆனது. அதன் சோம்பேறி முறையில் நீங்கள் எழுதுவது எதுவும் உடனே ஓடாது, முழுத் திட்டத்தையும் பார்த்துவிட்டு எந்த நெடுவரிசை தேவையோ அதை மட்டும் படிக்கும். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்த டக்டிபி அதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 ஜூனில், 1.0-ஐத் தொட்டது. சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, டேபிள் பெயர் எழுதும் இடத்தில் பார்க்கே (டேட்டாவை நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் வகை) ஃபைலின் பெயரையே எழுதினால் போதும், ரேமில் இடம் போதாவிட்டால் டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொண்டு வேலையை முடிக்கப் பார்க்கும். ஆர்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய செய்தி இல்லை, 2006-லிருந்தே டேட்டா.டேபிள் தொகுப்பு கையில் இருக்கிறது, என்ன, அதன் சதுர அடைப்புக்குள் எழுதுவது சிலருக்கு மந்திரம்போல இருக்கும்.

போலார்ஸா டக்டிபியா என்றால்: புது ஃபைல் ஒன்று வந்து "உள்ளே என்னதான் இருக்கிறது" என்று துழாவும்போது டக்டிபி. தினமும் ஓட வேண்டிய, மூன்று பேர் கைவைக்கும் புரோகிராமுக்குப் போலார்ஸ், ஏனென்றால் நீளமான எஸ்க்யூஎல்லை ஆறு மாதம் கழித்துப் படிப்பது கொடுமை. பாண்டாஸும் சும்மா இல்லை; காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றும்போது மட்டும் நகலெடுக்கும் முறை) இயல்பாக்கிய 3.0 பதிப்போடு, நகலை மாற்றுகிறோமா அசலை மாற்றுகிறோமா என்று பயமுறுத்திய அந்தப் பிரபல வார்னிங்கும் ஒழிந்தது. வரவேற்கிறேன், கொஞ்சம் தாமதம்தான்.

மாடல் என்று வந்தால் எனக்குத் தயக்கமே இல்லை, ஆர்தான். ஆம்/இல்லை வகை விடைகளுக்கான லாஜிஸ்டிக் ரெக்ரஷனை ஆரின் ஜிஎல்எம்மில் ஓட்டினால் பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே வரும். பைதானின் இயந்திரக் கற்றல் தொகுப்பான சைகிட்-லேர்னில் அதே பெயருள்ள வகுப்பை ஓட்டினால், நீங்கள் கேட்காமலே எல்2 தண்டம் (பெரிய குணகங்களுக்குப் போடும் அபராதம்) சேர்ந்து குணகங்கள் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கிப்போய் வரும், பி-மதிப்பும் (தாக்கம் தற்செயலா என்று பார்க்க உதவும் எண்) கிடையாது. கணிப்பதற்கான கருவி அது, அந்த வேலைக்கு அது சரியான இயல்பு. ஆனால் அந்தக் குணகத்தை எடுத்து "இந்தக் காரணியின் தாக்கம் இவ்வளவு" என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பைதானிலேயே செய்தாக வேண்டும் என்றால் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் இருக்கிறது, நல்ல பிள்ளை. ஆனால் எல்எம்இ4, எம்ஜிசிவி, சர்வைவல் மாதிரி ஆழமான தொகுப்புகள் ஆரில்தான்.

மொழியாகவும் ஆர் மெதுவாக நகர்கிறது, நகரும் திசை சரி. 2020-இல் வந்த 4.0.0, எழுத்து நெடுவரிசைகளைத் தானாக ஃபாக்டராக்கும் (வகைகளின் பட்டியலாக மாற்றும்) பழக்கத்தை ஒருவழியாக விட்டது. 2021-இல் 4.1.0-இல் சொந்தப் பைப் (ஒரு படியின் விடையை அடுத்த படிக்கு அனுப்பும் குறி) வந்தது. 2025-இல் 4.5.0-இல் பெங்குவின் டேட்டா கூடவே வந்தது, பயிற்சி டேட்டாவில் ஐரிஸ் பூக்களையே பார்த்துச் சலித்தவர்களுக்கு ஆறுதல்.

ஜூலியா மொழி? 2023-இல் வந்த 1.9 பதிப்பு, முதல் படம் வரைய ஆகும் எரிச்சலூட்டும் காத்திருப்பை நன்றாகவே குறைத்தது. வகைக்கெழுச் சமன்பாடு, சிமுலேஷன் என்றால் தாராளமாகப் போங்கள். அட்டவணை வேலைக்கு மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

என் மேசையில் டேட்டாவைச் சுருக்க டக்டிபி, மாடலுக்கு ஆர், நடுவில் யாராவது பழைய நோட்புக்கை அனுப்பினால் பாண்டாஸ். அதில் குரூப்பை அடித்ததும் கை தானாகவே "காலியைக் கழிக்காதே" என்னும் ட்ராப்என்ஏ ஃபால்ஸையும் அடித்துவிடுகிறது.