நார்தர்ன் பிளாட்டா, ஸ்டெம்-லூப் பி.சி.ஆரா?

பாலூட்டி உயிரணுக்களில் டைசர் நொதியைக் குறைத்தபின், மரபணுக்களை அடக்கும் சிறு இழையான ஒரு மைக்ரோஆர்.என்.ஏ எந்தப் படியில் முதிராமல் நின்றுவிடுகிறது என்று நான் அறிய வேண்டியிருந்தது. (டிரோஷா என்ற நொதி நீண்ட இழையிலிருந்து கொண்டையூசி வடிவ முன்னோடியை வெட்டும்; டைசர் அதை வெட்டி முதிர்ந்த இழையாக்கும்.) சிறு ஆர்.என்.ஏவைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் ஸ்டெம்-லூப் பி.சி.ஆரில் தொடங்கி, ஆர்.என்.ஏவை ஜெல்லில் நீளப்படி பிரித்துக் காட்டும் பழைய முறையான நார்தர்ன் பிளாட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

பி.சி.ஆரின் வசதிகள் தெரிந்தவையே: சில நானோகிராம் ஆர்.என்.ஏ போதும், ஒரே நாளில் முடிவு கிடைக்கும். ஆனால் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. அதை எந்த மூலக்கூறு தந்தது என்பது தெரியாது. இதன் பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு இழை) முதிர்ந்த இழையின் 3′ முனையில் ஆறு நியூக்ளியோடைடுகளைப் பற்றுகிறது. மைக்ரோஆர்.என்.ஏ கொண்டையூசியின் 3′ கையிலிருந்து (மடிந்த இரு பக்கங்களில் 3′ முனைப் பக்கம்) வருவதாயின், டிரோஷா வெட்டிய முன்னோடியும் அதே வரிசையில்தான் முடிகிறது. எனவே முன்னோடி குவியும்போது, அதாவது நான் ஆராய்ந்த அதே நிலையில், அதுவும் ஓரளவு கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

நார்தர்ன் பிளாட்டில் நீளமே சாட்சி. 15 விழுக்காடு யூரியா-அக்ரிலமைடு ஜெல்லில், ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள முதிர்ந்த இழையும், 60 முதல் 70 வரை நீளமுள்ள முன்னோடியும் ஒரே தடத்தில், அவ்வரிசையோடு இணையும் குறியிட்ட ஒரே இழையால் (புரோப்) தனித்தனிப் பட்டைகளாகத் தெரிகின்றன. டைசர் குறைந்தால் மேற்பட்டை தடித்துக் கீழ்ப்பட்டை மெலியும். டிரோஷா குறைந்தால் பெரும்பாலும் இரண்டுமே மெலியும். இதற்கு ஈடாகத் தடமொன்றுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் மொத்த ஆர்.என்.ஏவும், புரோபுக்குக் குறியிட 14 நாள் அரை ஆயுளுள்ள கதிரியக்கப் பாஸ்பரஸ்-32ஐக் கையாளும் கவனமும், சில நாள் பொறுமையும் வேண்டும். சவ்வில் பிணைக்கப் புற ஊதாவுக்குப் பதிலாக இ.டி.சி என்ற வேதிப் பிணைப்பியைப் பயன்படுத்தினால், இழை 5′ பாஸ்பேட் வழியே ஒட்டிக்கொள்வதால் காரங்கள் (இணைசேரும் எழுத்துகள்) புரோபுக்குத் திறந்திருக்கும். மங்கிய பட்டைகளும் துலங்கும். (சிறு ஆர்.என்.ஏக்களைத் தக்கவைக்காத சிலிக்கா நெடுவரிசையில் (column) பிரித்தெடுத்துவிட்டு, ஒரு வாரம் புரோபைச் சந்தேகித்தது என் பிழை.)

இவ்விரண்டும் இருப்பைச் சொல்லுமேயன்றிச் செயலைச் சொல்லா. செயலுக்கு, மைக்ரோஆர்.என்.ஏ தன் இலக்கை அடக்கினால் ஒளி குறையும் லூசிஃபெரேஸ் சோதனையையே நம்பினேன். மைக்ரோஆர்.என்.ஏவின் 2 முதல் 8 வரையிலான நியூக்ளியோடைடுகளாகிய விதைப் பகுதிக்குப் பொருந்தும் இலக்கில் இரண்டு மூன்று காரங்களை மாற்றிய கட்டுப்பாட்டை உடன் வைக்காவிட்டால் அதற்கு மதிப்பில்லை. செயற்கை இரட்டை இழையை உட்செலுத்துவது டிரோஷா, டைசர் இரண்டையும் தாண்டிச் செல்வதால், முதிர்ச்சி பற்றிய கேள்விக்கு அது உதவாது. ஆர்கோநாட் புரதத்தோடு பிணைந்த ஆர்.என்.ஏக்களைப் பிரித்தறியும் கிளிப் முறையை ஓரிரு முறையே செய்திருப்பதால், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் துணியேன்.

சில ஆயிரம் உயிரணுக்களே கைக்கு வந்தால் பி.சி.ஆர் தவிர வழியில்லை. அப்போதும் முதிர்ந்த இழை எந்தக் கையிலிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டே எண்களைப் படிக்கிறேன்.