நிக், நோரா தம்பதி: 1934 படமா, 1936 படமா?

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே நழுவப் பார்க்கும் நண்பர்கள் சிலருக்கு, பழைய ஹாலிவுட்டின் துப்பறியும் ஜோடியான நிக், நோரா சார்லஸ் தம்பதியை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இவர்கள் வரும் தொடரில் மொத்தம் 6 படங்கள் இருந்தாலும் போட்டி முதல் இரண்டுக்கு நடுவில்தான்: 1934-இல் வந்த 'தி தின் மேன்', 1936-இல் வந்த 'ஆஃப்டர் தி தின் மேன்'. நான் முதல் படத்தைப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன். இரண்டாவதுதான் உசத்தி என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் எம்ஜிஎம் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டுக்கும் இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக். நிக்காக வில்லியம் பவல், நோராவாக மிர்னா லாய், அவர்களுடைய ஆஸ்டா என்ற டெரியர் நாய், எல்லாம் அதே. துப்பறியும் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு மனைவியின் சொத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் கோப்பையோடு நிம்மதியாக இருப்பவன் நிக். எங்கேயாவது கொலை விழுந்தால் அவன் ஒதுங்கப் பார்ப்பான், நோரா அவனை உள்ளே பிடித்துத் தள்ளுவாள். இரண்டு படத்துக்கும் இதுதான் அச்சாணி.

மர்மம் என்று மட்டும் பார்த்தால் 1936 படம் ஜெயித்துவிடும். நோராவின் ஒன்றுவிட்ட சகோதரி செல்மா, காணாமல் போய்த் திரும்பும் அவள் கணவன், அவளை முன்பிருந்தே விரும்பும் டேவிட் (இளம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) என்று ஆட்கள் மனதில் நிற்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் தெருவில் விழும் அந்தத் துப்பாக்கிச் சூடு அருமையாக அமைந்த காட்சி. கடைசியில் கொலையாளி வெளிப்படும்போது நிமிர்ந்து உட்காருவோம்.

1934 படத்தில் அப்படி இல்லை. வைனன்ட் என்ற விஞ்ஞானி காணாமல் போகிறார், அவருடைய காரியதரிசி கொலையாகிறாள், சந்தேகம் அவர் மேல் விழுகிறது. தலைப்பில் வரும் ஒல்லி மனிதர் இவர்தான், நிக் இல்லை. பிறகு முன்னாள் மனைவி, அவளுடைய புதுக் கணவன், ரவுடி, வக்கீல் என்று பெயர்கள் குவிகின்றன. பாதியில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழப்பம் வந்தால் அது உங்கள் தவறில்லை. சந்தேகத்துக்கு உரியவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்காரவைத்து நிக் விருந்து கொடுக்கும் இறுதிக் காட்சியில், அவன் அடுக்கிக்கொண்டே போவதைக் கேட்டு நோரா மெதுவாக, இதெல்லாம் உண்மையா என்று கேட்கிறாள். தெரியாது என்கிறான். அப்புறம் ஏன் சொல்கிறாய் என்றால், இப்படிச் சொன்னால்தான் கணக்கு நேராகிறதாம்! துப்பறியும் கதையே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் இடம் அது.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்வது வேறொரு விஷயம். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு படம் என்னவாகிறது? ஒரு தடவை பார்த்து மறப்பதற்கு மர்மப் படங்கள் ஆயிரம் இருக்கின்றன. தொலைக்காட்சியில் பாதியில் ஓடிக்கொண்டிருந்தாலும் நின்று பார்க்கவைக்கும் படம்தான் எனக்கு வேண்டும்.

இந்தச் சோதனையில் 1936 படம் கொஞ்சம் தள்ளாடுகிறது. முதல் படத்தைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். அந்தக் கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி இரவு விடுதிப் பாட்டு, செல்மாவின் அழுகை, ஆஸ்டாவின் குடும்பப் பிரச்சினை என்று போய்விடுகிறது. (நாய்க்கு மனைவி, அவள் மேல் சந்தேகம், முதல் தடவை சிரித்தேன்.) மர்மம் இழுத்துக்கொண்டு போகும்வரை இதெல்லாம் உறுத்தாது. விடை தெரிந்துவிட்டால் நிக்கும் நோராவும் இல்லாத நிமிடங்கள் கனக்க ஆரம்பிக்கின்றன. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கொலையாளியாக நடித்தவரின் முகத்தை, விடை தெரிந்த பின் மறுபடி கவனிப்பது தனி சுகம். முதல் படத்தில் அந்த சுகம் கிடையாது.

முதல் படம் கதையை நம்பி இருக்கவே இல்லை. டாஷியல் ஹாமெட்டின் நாவலைத் திரைக்கதையாக்கிய ஆல்பர்ட் ஹாக்கெட்டும் ஃபிரான்சஸ் குட்ரிச்சும் நிஜத்திலேயே கணவன் மனைவி. துப்பறியும் கதையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு இந்த ஜோடிக்கு நடுவே காட்சிகள் எழுதித் தாருங்கள் என்பதுதான் வான் டைக் அவர்களிடம் கேட்டது. இரண்டாம் படத்தை எழுதியவர்களும் இவர்களே. ஆனால் அங்கே குடும்பச் சிக்கல்தான் முன்னால் நிற்கிறது.

கிறிஸ்துமஸ் காலைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்குக்குப் பரிசாக வந்தது காற்றுத் துப்பாக்கி. சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு மரத்தில் தொங்கும் பலூன்களை ஒவ்வொன்றாகச் சுடுகிறான். பக்கத்து நாற்காலியில் நோரா, தனக்குப் பரிசாக வந்த ரோமக் கோட்டை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. 'இவனைத்தான் கட்டிக்கொண்டேன்' என்ற பார்வை மட்டும். கடைசியில் ஜன்னல் கண்ணாடி உடைகிறது, நிக் சட்டென்று சுருண்டு படுத்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி கிடக்கிறான். கதைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு லாயின் முகத்தில்தான் கண் போகிறது.

நோராவை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியப் போகும் நிக், அவளை டாக்சியில் ஏற்றி டிரைவரிடம் நியூயார்க்கில் இருக்கும் முன்னாள் அதிபர் கிராண்டின் கல்லறைக்கு விடச் சொல்லிவிடுகிறான். பிறகு எப்படி இருந்தது என்று கேட்டால், அருமை, உனக்கும் ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன் என்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் படுக்கையறைக்குள் வரும் காட்சியில், குண்டு படாமல் இருக்க நிக் அவளைக் குத்தி மயக்கமாக்கிவிடுகிறான். இன்று பார்க்கும்போது சுருக்கென்கிறது. ஆனால் மயக்கம் தெளிந்ததும் அவள் கோபப்படுவது வலிக்காக இல்லை: நீ அவனைப் பிடித்துவிடுவாய் என்று தெரியும், அதை நான் பார்க்க வேண்டாமா என்கிறாள். 1936 படத்திலும் நல்ல இடங்கள் உண்டு. நடுராத்திரியில் அவளுக்கு முட்டை சாப்பிட ஆசை வந்து அவன் எழுந்து சமையலறைக்குப் போவதும், சொந்த வீட்டில் தங்களுக்காக நடக்கும் விருந்திலேயே யாருக்கும் தங்களை அடையாளம் தெரியாமல் நிற்பதும் முதல் தரம். கொஞ்சம் இடைவெளி விட்டு வருகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் வேகம். வான் டைக் ஒரே டேக்கில் முடிப்பதற்குப் பெயர் போனவர். முதல் படத்தைச் சுமார் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்தார். அந்த அவசரம் பேச்சில் தெரிகிறது. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பிக்கிறார், ஒத்திகை பார்த்த வாடையே இல்லை. ஒளிப்பதிவு ஜேம்ஸ் வோங் ஹவ். இருண்ட பட்டறையில் நிக் டார்ச் விளக்கோடு தேடும் காட்சியில் மட்டும் படம் திடீரென்று சீரியசாகிவிடுகிறது.

குடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு போனது 1933 டிசம்பரில், படம் வந்தது 1934 மே மாதத்தில். படம் முழுக்க அந்தக் கொண்டாட்டம்தான். நிக் 6 கோப்பை மார்ட்டினி (ஜின் கலந்த மது) முடித்துவிட்டான் என்று தெரிந்ததும் நோரா தனக்கு இன்னும் ஐந்தை வரிசையாக அடுக்கச் சொல்கிறாள். அடுத்த காட்சியில் தலையில் ஐஸ் பை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அவர்களுக்குக் காட்டலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

இதே பவல் 1936-இல் ஆர்கேஓ நிறுவனத்துக்காக ஜீன் ஆர்தருடன் நடித்த 'தி எக்ஸ் மிஸஸ் பிராட்ஃபோர்ட்' படத்தையும் சிலர் சொல்வார்கள். விவாகரத்தான டாக்டரும் மர்மக் கதை எழுதும் முன்னாள் மனைவியும். ஒரு தடவை பார்க்கலாம். தொடரின் மற்ற நான்கில் 1939, 1941 படங்கள் மோசமில்லை. குழந்தை வந்த பிறகு நோராவின் குறும்பு குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. 1945, 1947 படங்களை அரைகுறைக் கவனத்தோடுதான் பார்த்தேன், அவற்றைத் தராசில் வைக்க அது போதாது.

இரண்டையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். முதல் படம் சான் ஃபிரான்சிஸ்கோ போகும் ரயிலில் முடிகிறது, இரண்டாவது அதே ஊரில் அவர்கள் ரயிலை விட்டு இறங்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது.