திரவப் படிகப் பிக்சலா, நுண்கண்ணாடியா: ஒளிச்சாமணத்துக்கு எது தோது?

நீரில் மிதக்கும் 2 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளை 532 நானோமீட்டர் பச்சை லேசரால் பிடித்து நகர்த்தும் ஒளிச்சாமணம் ஒன்றை அமைத்தபோது, ஒரே கற்றையைப் பத்தாகப் பிரிக்க எதை வாங்குவது என்று நெடுநாள் யோசித்தோம். சிலிக்கான் மீது திரவப் படிகம் பரப்பிய எல்காஸ் பலகை ஒரு பக்கம். 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய டிஎம்டி எனும் நுண்கண்ணாடிச் சில்லு மறுபக்கம். எல்காஸையே வாங்கினோம்.

வேகத்தில் டிஎம்டிக்கு ஈடில்லை. எங்கள் பலகை நொடிக்கு 60 வடிவங்களைக் காட்டினால், அது பத்தாயிரத்தைத் தாண்டும். விலையும் பொதுவாகக் குறைவு.

தீர்மானித்தது, கடைசியில் கையில் மிஞ்சும் ஒளி. டிஎம்டியின் கண்ணாடிகளுக்கு இரண்டே நிலைகள். வேண்டாத ஒளியை வேறு பக்கம் தள்ளித்தான் அதில் ஹாலோகிராம், அதாவது ஒளியை வேண்டிய இடங்களுக்குத் திருப்பும் வடிவம், அமைக்க முடியும் என்பதால், நமக்குப் பயன்படும் முதல் வரிசைக் கற்றைக்கு ஏட்டுக் கணக்கிலேயே சுமார் 10 சதவீதம்தான் போய்ச்சேரும். எல்காஸ் எதையும் மறைப்பதில்லை. பிக்சலுக்குத் தரும் மின்னழுத்தம் படிக மூலக்கூறுகளைச் சாய்க்க, ஒளிவிலகல் எண் மாறி, அங்கு பட்ட அலை மட்டும் சற்றுப் பிந்துகிறது. அந்தத் தாமதத்தை எட்டுப் படிகளாக ஏற்றித் திரும்பத் திரும்ப வரிகளாக அமைத்த கீற்றணி, கொள்கையளவில் 95 சதவீத ஒளியை ஒரே திசைக்குத் திருப்பும். பிக்சல் இடைவெளிகளாலும் எதிரொளிப்பு இழப்பாலும் பாதியே தேறினாலும், 1 வாட் லேசரைப் பத்தாகப் பிரிக்கும்போது, மணியைப் பிடிக்கும் ஒளிப்பொறி ஒன்றுக்கு 50 மில்லிவாட் கிடைக்கும். டிஎம்டியில் அது 10ஐத் தாண்டாது. பொறியின் பிடி ஒளியின் திறனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இது சில்லறை வித்தியாசமன்று.

பராமரிப்பு கொஞ்சம் படுத்தும். ஒரே தளவிளைவுத் திசைக்குத்தான், அதாவது ஒளியலை அதிரும் ஒரே திசைக்குத்தான், பலகை பணியும். அலைநீளம் மாறினால் அளவீட்டை மறுபடி செய்ய வேண்டும். இரு துளை அட்டையை வைத்து, பலகையில் ஒரு பாதியின் சாம்பல் அளவை (பிக்சலின் மின்னழுத்தத்தைக் குறிக்கும் எண்ணை) மட்டும் 0இலிருந்து ஏற்றிக்கொண்டே போனபோது, 210ஐ ஒட்டியே இரு துளைகளின் ஒளியும் கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டு வரிகள் ஒரு முழு வரி நகர்ந்துவிட்டன; அதாவது தாமதம் ஒரு முழு அலையை எட்டிவிட்டது. அதற்கு மேற்பட்ட எண்களை அட்டவணையிலிருந்து நீக்கினோம். திரும்பாமல் நடுவில் விழும் ஒளிப்புள்ளியும் மணிகளைத் திருடிக்கொண்டிருந்தது. கண்ணாடித்தகட்டில் ஒட்டிய கடுகளவு அலுமினியத்தாள்தான் அதை அடக்கியது.

உயிருள்ள திசுவில் ஒளிச்சிதறல் மில்லிநொடிகளில் மாறிவிடும். அந்த வேகத்துக்கு வடிவத்தை மாற்ற வேண்டிய வேலைக்கு டிஎம்டியையே சொல்வேன். அதை இரவலாக இரண்டு வாரமே கையாண்டிருக்கிறேன் என்பதால், அதன் உழைப்பைப் பற்றி என் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டாம்.