ரெசிடென்சி இன்டர்வியூ பயிற்சி: காசு கொடுப்பதா, சீனியரைப் பிடிப்பதா, நாமே கூடிப் பேசுவதா?

அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டாக்டர் மேற்படிப்புக்கு, அப்ளை பண்ணிவிட்டு ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் காத்திருக்கும் தம்பி தங்கைகள் செப்டம்பர் கடைசியில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, மாக் இன்டர்வியூவுக்குப் பணம் கட்டலாமா?" மாக் என்றால் ஒத்திகை இன்டர்வியூ. கட்டலாம். ஆனால் எல்லாருக்கும் அது தேவையில்லை.

நம் ஊரில் மேற்படிப்புக்கு நீட் பிஜி ரேங்க் போதும். கவுன்சலிங்கில் யாரும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாய் திறந்து பதில் சொன்ன பழக்கமெல்லாம் வைவாவில்தான். வைவாவில் சரியான விடை என்று ஒன்று இருக்கும், அதைச் சொன்னதும் எக்ஸாமினர் வேறு கேள்விக்குப் போய்விடுவார். ரெசிடென்சி இன்டர்வியூவில் அப்படியில்லை. நீங்கள் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும். நம் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில். அதனால் எந்தப் பயிற்சி என்றாலும் நான் முதலில் பார்ப்பது, அது இரண்டாவது கேள்வியைக் கேட்கிறதா என்பதைத்தான்.

காசு வாங்கிச் சொல்லிக்கொடுப்பவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். எந்த மாதிரிக் கேள்வி வரும், பேனல் என்றால் யாரைப் பார்த்துப் பேசுவது, குட்டிக் குட்டி இன்டர்வியூவாக அடுத்தடுத்து வரும் எம்எம்ஐ முறையில் நிமிடக் கணக்கு எப்படி ஓடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிக்கல் எங்கே என்றால், சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற 'ஸ்டார்' சட்டகத்துக்குள் எல்லார் கதையையும் ஊற்றி எடுத்துவிடுகிறார்கள். வெளியே வருவது அச்சுவெல்லம். எதை எடுத்தாலும் ஒரே வடிவம். ஒரே நாளில் வரிசையாகப் பலரைப் பார்க்கும், ரெசிடென்சியை நடத்தும் புரோகிராம் டைரக்டருக்கு அது தெரியாமலா போகும்? ஆனால் ஸ்டெப் எனும் அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வில் ஒருமுறை தவறியவர்களும், படிப்பு முடித்துச் சில வருடம் இடைவெளி விட்டவர்களும் கட்டாயம் ஒரு அமர்வுக்காவது பணம் கட்டலாம். ஏன் தவறியது, ஏன் இடைவெளி என்ற கேள்வியை முகம் சுளிக்காமல், திரும்பத் திரும்ப, அந்நியர் ஒருவர் கேட்க வேண்டும். நண்பர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

சீனியர் விஷயம் வேறு. அமெரிக்காவில் ரெசிடென்டின் வாரம் 80 மணி நேரம் வரை போகலாம். நைட் டியூட்டி முடித்த கையோடு உங்களுக்கு ஃபோன் எடுப்பவரிடம் முழு மாக் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதோடு 2020-க்கு முன்னால் மேட்ச் ஆனவர்கள், அதாவது அங்கே இடம் கிடைத்தவர்கள், விமானம் ஏறிப் போய் நேரில் உட்கார்ந்தவர்கள். இன்று பெரும்பாலும் திரைக்கு முன்னால்தான். அவரிடம் கேட்க வேண்டியது அவருக்கு மட்டுமே தெரிந்ததை: அந்த புரோகிராமில் இன்டர்ன்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், போன வருடம் என்ன மாறியது, "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்று கடைசியில் கேட்டால் எதைக் கேட்பது. விதிமுறையும் அவரிடம் கேளுங்கள். வேறு எங்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்கிறாய் என்று புரோகிராம்கள் கேட்கக்கூடாது என்பது இடம் ஒதுக்கும் மேட்ச் முறையின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கேட்டுவிட்டால் சண்டை போடாமல் எப்படி நழுவுவது என்பதை அனுபவப்பட்டவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. மலையிலேயே மூன்று நான்கு பேர் சேர்ந்துகொள்வது. கூடலூர்க்காரர் வீடியோவில் வரட்டும், ஊட்டியில் இருப்பவர்கள் நேரில் கூடட்டும். ஒரு குழுவில் நான் கேட்பவளாக உட்கார்ந்தபோது பந்தலூர்த் தம்பி ஒருவன் நன்றாக மனப்பாடம் பண்ணி வந்திருந்தான். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி டான்டீ என்ற அரசுத் தேயிலை எஸ்டேட்டில் குடியேறிய குடும்பம். ஆங்கிலத்தில் ஒப்பித்தான்: பின்தங்கிய பழங்குடி மக்களிடையே விரிவாகப் பணியாற்றியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த கோத்தகிரிப் பெண் விடவில்லை.

"விரிவான்னா? என்ன பண்ணே?"

"கேம்ப் போனோம்…"

"போய்?"

அவன் கொஞ்சம் யோசித்து, தமிழுக்கு மாறிச் சொன்னான். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பணியர் பழங்குடிப் பெண் ஒருத்தி மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டாள். சொன்னதைக் கேட்காத பேஷன்ட் என்று இவன் நினைத்திருக்கிறான். ஹெல்த் வொர்க்கரோடு பாடிக்கு, அதாவது பணியர் குடியிருப்புக்கு, போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் அவளுக்குக் கூலி போய்விடும். அந்தப் பக்கம் போகும் வண்டியில் மாத்திரையைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு பண்ணியிருக்கிறான். அவ்வளவுதான். "இதை ஏண்டா முதல்லயே சொல்லல?" என்றாள் கோத்தகிரிக்காரி. "இது சின்ன விஷயம்" என்றான்.

சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-இல், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பார்த்து எழுதியபோதுதான். அமெரிக்க டாக்டர்கள் கறுப்பின நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கும் நோய் இது. கூலிக்கும் மாத்திரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் அங்கேயும் அவர்கள் வார்டுக்கு வந்திருப்பாள். எந்தப் பயிற்சியாளரும் இதை அவனுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. கோத்தகிரிப் பெண் கேட்டதால்தான் வெளியே வந்தது. நோயாளியின் பெயரும் ஊரும் மட்டும் எங்கேயும் வாயில் வரக்கூடாது.

குழுவிலும் குறை உண்டு. நண்பர்கள் சீக்கிரம் "சூப்பர்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டு துணைக்கேள்வி கேட்காமல் யாரும் பாராட்டக் கூடாது என்று விதி போடுங்கள். யாருக்கு எத்தனை இன்டர்வியூ வந்தது என்ற பேச்சை அந்த அறைக்குள் விடாதீர்கள், தூக்கம் போய்விடும். முடிந்தால் மருத்துவம் படிக்காத ஒருவரைச் சேருங்கள். குன்னூரில் ரிட்டயரான இங்கிலீஷ் டீச்சர்களுக்கா பஞ்சம்? நீங்கள் மருத்துவச் சொல்லை அள்ளிவிட்டால் அவர்தான் "அப்படின்னா என்னப்பா?" என்பார்.

ஃபோனில் நம்மை நாமே பதிவுசெய்து பார்ப்பது இலவசம், முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டியது. லென்ஸைப் பார்க்காமல் திரையில் தன் முகத்தையே பார்ப்பது, வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆக்சுவலி', ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாத நம் தலையாட்டல், எல்லாம் அதில் மாட்டும். ஆனால் அது கேள்வி கேட்காது. ஏஐ கேட்கும், நள்ளிரவிலும் அலுக்காமல் கேட்கும். நீங்கள் சொன்ன எதையும் மெச்சிக்கொண்டே கேட்பதுதான் அதன் பிரச்சினை.

பயிற்சி எதுவானாலும் மலைக்காரர்களுக்கு இன்னொரு தேர்வும் இருக்கிறது: வீட்டிலேயே உட்காருவதா, கோயம்புத்தூர் இறங்குவதா? இன்டர்வியூ சீசன் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை ஓடும், நம் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மரம் விழுந்தால் கரன்ட்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும், ரோடும் அடைபடும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அக்டோபரில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 7.30. கலிபோர்னியா என்றால் இரவு 10.30. முதல்நாள் சாயங்காலம் நியூயார்க்கில் 6 மணிக்கு ரெசிடென்ட்களோடு அரட்டை வைத்தால் நமக்கு விடியற்காலை 4.30, உறைபனியில் போர்வையை உதறி எழ வேண்டும். டிசம்பர் நடுவரை முக்கியமான இன்டர்வியூ இருந்தால் முதல்நாளே இறங்கி, உறவினர் வீட்டில் ஒரு அறையைக் கேட்டுவிடுவேன். ஜனவரியில் மழை குறைந்துவிடும், வீடு போதும். யூபிஎஸ்ஸும் வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டாவது ஃபோனும் மட்டும் மேசையில் இருக்கட்டும்.