ஏடாரா, மெட்டில்-3யா: ஒரே அடினோசின், இரண்டு வேலை

ஏடார், மெட்டில்-3 என்ற நொதிகள் இரண்டும் ஆர்என்ஏவின் 'ஏ' எழுத்தான அடினோசினில்தான் கை வைக்கின்றன. ஏடார் நொதி அமினோ தொகுதியை நீக்கி அதை இனோசினாக்குகிறது. மெட்டில்-3, கூட்டாளி மெட்டில்-14உடன் சேர்ந்து மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. இந்த மெத்தில் குறிதான் எம்6ஏ.

ஏடார் செய்வது எழுத்து மாற்றம். புரதம் கட்டும் ரைபோசோம் இனோசினைப் பெரும்பாலும் 'ஜி' என்றே படிக்கும். நரம்பணுவின் குளூஏ2 ஏற்பியில் சிஏஜி என்ற மூவெழுத்துக் குறி சிஐஜி ('ஐ' இனோசின்) ஆவதால் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் வருகிறது. அந்த ஒற்றை மாற்றமே கால்சியத்தின் வழியை அடைக்கிறது. ஏடார்1 பழுதானால் செல் தன் இரட்டை இழை ஆர்என்ஏவையே வைரஸ் என்று எண்ணி, வைரஸ் எதிர்ப்புச் சமிக்ஞையான இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடும்.

எம்6ஏ பொருளை மாற்றாது, ஆயுளை மாற்றும். இந்தக் குறியை அடையாளம் காணும் ஒய்டிஎச்டிஎஃப்2 புரதம் பிடித்துக்கொண்ட ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். எஃப்டிஓ, ஏஎல்கேபிஎச்5 நொதிகள் இந்தக் குறியை அழிக்கவும் செய்யும்.

சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்திலோ கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்திலோ புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு ஏடாரின் வேலையைக் கண்டறிவதே எளிது. ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏவான சிடிஎன்ஏவை சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினால் ஒரே இடத்தில் ஏ, ஜி என இரு முகடுகள் தெரியும். அதே மாதிரியின் டிஎன்ஏவையும் பாருங்கள். இல்லாவிட்டால் பிறவி மரபு வேறுபாட்டை ஏடாரின் எழுத்து மாற்றம் என்று நம்பி ஏமாறுவீர்கள்.

எம்6ஏ யுராசிலோடு வழக்கம்போல் இணைவதால் சாதாரண சிடிஎன்ஏவில் தடமே இராது. ஆர்என்ஏவைச் சுமார் 100 நியூக்ளியோடைடுத் துண்டுகளாக்கி எம்6ஏவைப் பற்றும் எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) பிடிக்க வேண்டும். ரைபோசோம் ஆர்என்ஏவை முதலில் நீக்குங்கள். அதிலும் எம்6ஏ உண்டு, எதிர்ப்பொருளைத் தின்றுவிடும். இன்னொன்று: நம்மூர் ஈரக்காற்றில் −80 டிகிரிக் குழாய் உடனே வியர்க்கும். துடைத்து, மையவிலக்கியில் ஒரு சுற்று சுழற்றிவிட்டு மூடியைத் திறங்கள்.