இருபது வருட கிரைண்டர்: மோட்டார் போனது, கல் போகவில்லை

2024 சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், உளுந்து பொங்கி வரும் நேரத்தில் எங்கள் கிரைண்டர் நின்றது. முதலில் ஒரு முனகல், பிறகு வார்னிஷ் கருகிய வாசனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாதி அரைந்த உளுந்தை வழித்து மிக்ஸியில் போட்டு ஒப்பேற்றினேன். மறுநாள் இட்லி தட்டையாக, கையில் ஒட்டுகிற மாதிரி வந்தது. மிக்ஸி பிளேடு சுற்றுகிற வேகத்தில் உளுந்து சூடாகிவிடும். கல் மெதுவாகப் புரட்டிப் புரட்டி அரைக்கும்போதுதான் காற்று ஏறி மாவு பொங்கும். அதனால் மிக்ஸியே போதும் என்ற பேச்சுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா என்பது மட்டும்தான் கேள்வி.

இது 2005-ல் என் கல்யாணச் சீரோடு வந்த இரண்டு லிட்டர் டேபிள் டாப். அப்பா கோயம்புத்தூருக்கே நேரில் போய் வாங்கி வந்தது. கிரைண்டர் பிறந்த ஊர் அதுதான். 1955-ல் சபாபதி என்பவர் அங்கே உருவாக்கியதாகச் சொல்வார்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கு அதில் பெரிய பங்கு. அப்பாவும் கடையில் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், கல்லைத்தான் தடவிப் பார்த்தாராம்.

வாரம் இரண்டு தடவை மாவு அரைப்போம். 19 வருடத்தில் பெல்ட் இரண்டு தடவை மாற்றினோம், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் ஒரு தடவை, உருளைக் கற்களுக்குள் இருக்கும் நைலான் புஷ் ஒரு தடவை. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. கெபாசிட்டர் போனபோதும் இதே மாதிரிதான் முனகியது. ஆனால் அப்போது கருகல் வாசனை கிடையாது. மோட்டார் முனகியும் டிரம் சுற்றாமல், வாசனையும் வராமல் இருந்தால் பெரும்பாலும் சின்னச் செலவோடு போய்விடும். பயந்துபோய்ப் புதுசு வாங்க ஓடவேண்டாம்.

இந்தத் தடவை முதலில் ஒரு கடைக்குத்தான் போனோம். "இருபது வருஷ மாடலுக்கு ஸ்பேர் வராதுங்க, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருங்க, 500 ரூபாய் குறைச்சுக்கறோம்" என்றார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதுசு 5,800. வீட்டுக்காரர் வாங்கிவிடலாம் என்றார். அத்தைக்குப் போன் போட்டேன். "கல்லைத் தூக்கிக் குடுத்துட்டு வந்துறாத கண்ணு, ஒருக்கா மெக்கானிக்கு கிட்ட காட்டு" என்றார்.

ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கம் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும், அதாவது வைண்டிங் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். வாசலில் 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர்கள் நாலைந்து வரிசையாக நின்றன. எங்களுடையதைக் கவிழ்த்துப் போட்டு, அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே கரி பூசினாற்போல் பெல்ட் தூள். அதைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். டிரம் உட்காரும் தண்டை ஒட்டி, மேலிருந்து கீழே, தண்டை உரசாமல் சுழலவிடும் பேரிங் வரைக்கும் காய்ந்த மாவு வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. கோடு முடிகிற இடத்தில் பேரிங் துருவேறிக் காவி நிறத்தில் இருந்தது.

"மோட்டாரு சும்மா போகலீங்க அம்மிணி. சீல் தேஞ்சு தண்ணி எறங்கி, பேரிங்கு இறுகிப்போச்சு. அதை இழுத்து இழுத்துத்தான் காயில் கருகியிருக்குது" என்றார். சீல் என்பது தண்டை ஒட்டித் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வளையம், காயில் என்பது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தைய ஐந்தாறு மாதமாகவே பெல்ட் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பெல்ட் பழசு என்று நினைத்து அதை மட்டும் மாற்றினேன். டிரம்மைக் கழுவியதும் அடியைத் துடைக்காமல் ஈரத்தோடு தூக்கி வைக்கிற பழக்கமும் என்னுடையதுதான். பேரிங்கையும் சீலையும் விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் ஆறு மாதத்தில் அதுவும் கருகியிருக்கும். எது கெட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவரிடம் பொருளைக் கொடுக்காதீர்கள். ஏன் கெட்டது என்பதையும் காட்டச் சொல்லுங்கள்.

செம்புக் கம்பியில் வைண்டிங், இரண்டு பேரிங், சீல், பெல்ட் எல்லாம் சேர்த்து 2,250 ரூபாய் சொன்னார். புதுசின் விலையில் பாதிக்கு மேல் போனால் ரிப்பேர் வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். கிரைண்டருக்கு அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. பார்க்கவேண்டியது கல்லையும் டிரம்மையும். அவரும் அதைத்தான் பார்த்தார். அடிக்கல்லில் விரலை ஓட்டிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவினார். விரல் முட்டியால் தட்டி, கல் டிரம்மிலிருந்து விட்டுப்போன பொள்ளல் சத்தம் வருகிறதா என்று கேட்டார். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி காகிதத்தின் மேல் வைத்தார். காலையில் காகிதம் நனையவில்லை. "கல்லு ராசாவாட்டம் இருக்குதுங்க" என்றார். சரி, செய்துகொடுங்கள் என்றேன்.

கல் வழவழவென்று தேய்ந்து அரைக்கிற நேரம் கூடிவிட்டால் கொத்திக்கொள்ளலாம். அடிக்கல் ஆட்டம் கண்டாலோ, டிரம் அடியில் துளை விழுந்தாலோ, மாவில் மண் நெருடினாலோ நானும் புதுசுதான் வாங்கியிருப்பேன்.

புதுசு வாங்கினால் கரண்ட் மிச்சம் என்று கடையில் சொன்னதையும் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது 150 வாட். முக்கால் மணி நேரம் ஓடினால் 0.11 யூனிட் சொச்சம். வாரம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு ஒரு யூனிட் வரும். இதில் என்ன மிச்சம் பிடிப்பது? இராப்பகலாக ஓடும் பழைய ஃபிரிட்ஜ் என்றால் அந்தப் பேச்சு நியாயம்.

அதே வருடம் மிக்ஸியும் பழுதானது. அதை யோசிக்காமல் மாற்றினோம். ஜார் வாய் விரிந்து, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் மழுங்கி, பாடியிலும் விரிசல். உயிரோடு இருந்தது மோட்டார் மட்டும்தான். அதற்குப் பொருந்துகிற ஜாரும் கிடைக்கவில்லை.

ரிப்பேர் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உளுந்து அரை மணி நேரத்தில் பொங்கி வருகிறது. சத்தம் முன்பைவிடக் குறைவு. குறை இல்லாமல் இல்லை. வெளிப் பிளாஸ்டிக் மஞ்சளடித்துவிட்டது, டைமர் கிடையாது. கல்லோடு டிரம்மைத் தூக்கி மாவை வழிப்பது எனக்கு முடிகிறது, அத்தைக்குத் தோள்வலியால் முடியவில்லை. அவரே தினமும் அரைக்கிற நிலை என்றால், சாய்த்து வழிக்கிற டில்டிங் வகையை வாங்கிவிடுவேன். கல் நன்றாக இருக்கிறது என்பதற்காக வயதானவர் தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது டிரம் அடியைத் துடைத்து, ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்த பிறகுதான் மேலே ஏற்றுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை உருளைகளை எடுத்துவிட்டு, வெறும் டிரம்மைச் சுற்றவிட்டு சுவிட்சை அணைப்பேன். பேரிங் இறுகியிருந்தால் சட்டென்று நிற்குமாம். போன வாரம் பார்த்தேன், மூன்று சுற்றுச் சுற்றி மெதுவாக நின்றது.