ஏழு வருடம், ஒரே டிவி, ஐந்து விதப் புள்ளிகள்

2018 தீபாவளிக்கு எங்கள் மும்பை செம்பூர் வீட்டுக்கு வந்த 43 அங்குல எல்.இ.டி. டிவி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது விலை 27,000 ரூபாய். பிராண்டு பெயரைச் சொல்லவில்லை. இதற்கு வந்த தொல்லை எல்லாம் எந்த டிவிக்கும் வரக்கூடியதுதான். படம் நன்றாக இருக்கும், சத்தம் சுமார், ரிமோட்டை இரண்டு முறை மாற்றியாயிற்று. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. திரையில் வந்துபோன புள்ளிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஐந்து விதமாக வந்தன. ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது ஒருவர் "பேனல் போச்சு" என்பார். பேனல், அதாவது படம் காட்டும் அந்தக் கண்ணாடித் திரை, இன்றுவரை போகவில்லை.

முதலில் வந்தது பச்சைப் புள்ளி. வாங்கி நாலு மாதம் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தபோது இடது ஓரமாக ஊசிமுனை அளவில் ஒரு பச்சை. தூசி என்று துடைத்தேன், போகவில்லை. சேனல் மாற்றினேன், அசையவில்லை. கிரிக்கெட் வைத்தால் வான்கடே புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். திரை கறுத்ததும் மறுபடி முழிக்கும்.

வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். ஒரு பையன் வந்து, மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, "ஒரு புள்ளிக்கெல்லாம் பேனல் மாற்ற மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கோபம் தாங்கவில்லை. புது டிவியில் ஓட்டை என்றால் எப்படி?

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபுல் எச்.டி. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600 பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் குட்டிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல், ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஆக 62 லட்சத்துக்கும் மேல். அதில் ஒன்று திறந்தபடியே நின்றுவிட்டால் அதுதான் என் பச்சைப் புள்ளி. 43 அங்குலத்தில் ஒரு பிக்சலின் அகலமே அரை மில்லிமீட்டர்தான். இதற்குத் தரநிர்ணயமும் உண்டு. கணினித் திரைகளுக்காக 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2, அதன் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிகிற முழுப் பிக்சல் இரண்டு, எப்போதும் அணைந்திருப்பது இரண்டு, துணைப் பிக்சல் கோளாறு ஐந்து வரை இருக்கலாம் என்று விட்டுவிட்டது. டிவி கம்பெனிகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஒற்றைப் புள்ளிக்கு எவரும் மாற்றித் தருவதாகத் தெரியவில்லை. பையன் மேல் தப்பில்லை. ஆனால் இதை டிவி வாங்கும்போது சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கறுப்புப் புள்ளி என்றால் கதை வேறு. அது செத்த பிக்சல், கரண்ட் போய்ச் சேருவதில்லை, திரும்பி வருவதும் அபூர்வம். நிறத்தோடு எரிகிற புள்ளி மாட்டிக்கொண்ட பிக்சல், சில சமயம் விடுபடும். அதற்காக நிறங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. என் மகள் ஒன்றைத் தேடி எடுத்து ஆறு மணி நேரம் ஓட விட்டாள். தலைவலி வந்தது, புள்ளி போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் சரியாகும் என்றார். நான் செய்யவில்லை. ஒரு புள்ளியைச் சரிசெய்யப் போய்ச் சுற்றிலும் நாலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இரண்டாவது வந்தது ஒரு ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரம். நடுத் திரையில் கடுகளவு கறுப்பு. சரி, பிக்சல் செத்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். மறுநாள் காலை அம்மா கூப்பிட்டு, "ஏண்டா, அது நேத்து செய்தி வாசிக்கிறவ மூக்குல இருந்துச்சு, இன்னைக்குக் கழுத்துல இருக்கே" என்றார். பூச்சி! மழைக்கு விளக்கைத் தேடி வந்த ஏதோ சின்னப் பூச்சி, பின்பக்கக் காற்றோட்ட ஓட்டை வழியாக உள்ளே போய், கண்ணாடிக்கும் அதன் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் தாளுக்கும் நடுவில் உலாவிக்கொண்டிருந்தது. இங்கேதான் கை பரபரக்கும், அழுத்தவே கூடாது. நசுங்கினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு காலத்துக்கும் புள்ளியாகிவிடும். டிவியை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, மேல் விளிம்பருகே ஒரு மேசை விளக்கை வைத்தோம். இரண்டாம் நாள் புள்ளி இல்லை. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வெளியே வந்ததா, தானாகவே போனதா, யாருக்குத் தெரியும்.

மூன்றாவதும் நாலாவதும் டிவியின் குற்றமே இல்லை. ஊரடங்குக் காலத்தில் லேப்டாப்பை இணைக்க, மலிவாக ஐந்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. வயர் வாங்கினேன். திரை முழுக்க வெள்ளைப் பொட்டுகள் நட்சத்திரம் மாதிரி மின்னி மின்னி மறைந்தன. ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தினேன். டிவி தானே வரைகிற மெனு துல்லியமாக நின்றது, அதற்குப் பின்னால் படத்தில் மட்டும் மினுக்கல். அப்படியென்றால் பேனலில் ஒன்றுமில்லை, வருகிற சிக்னலில்தான் கோளாறு. இரண்டு மீட்டர் நல்ல வயர் மாட்டியதும் நின்றது. இந்த மெனு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரையும் கூப்பிடும் முன் இதைத்தான் முதலில் செய்வேன். இன்னொன்று மழைக்காலச் சதுரங்கள். அம்மாவின் சீரியல் உச்சக்கட்டத்தில் நாயகியின் முகம் கட்டம் கட்டமாக உடையும். செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வருகிற கே.யூ. அலைவரிசைச் சிக்னலைக் கனமழை உறிஞ்சிவிடுகிறது, அவ்வளவுதான். மழை விட்டால் முகம் திரும்பிவிடும்.

ஐந்தாவதுதான் பெரிய கதை.

2024 தொடக்கத்தில் திரையின் கீழ்ப்பாதியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. ஓரம் மங்கல், நடுவில் லேசான நீலம் கலந்த பளிச். ஒரு மாதத்தில் மூன்றாகி, பிறகு ஐந்தானது. இருட்டுக் காட்சியில் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைப் பின்னணி வந்தால் யாரோ பின்னாலிருந்து டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கும். மெனு சோதனை செய்தேன். மெனு மேலேயும் வட்டம் விழுந்தது. ஆக வயர் இல்லை, டிவிதான்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் ஒரு நிமிடம் பார்த்தார். "பேனல் போய்விட்டது, 19,000 ஆகும், புதிதாகவே வாங்கிவிடுங்கள்" என்றார். பார்த்ததற்கு 450 ரூபாய். கடைக்குப் போவதற்கு முன், தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் டிவி பழுது பார்க்கும் ஓர் அண்ணாச்சி இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மொபைலில் எடுத்த படத்தைக் காட்டினேன், முழுதாகக்கூடப் பார்க்கவில்லை.

"பேனல்ல ஒண்ணுமில்ல தம்பி. லென்சு விழுந்திருக்கு. டிவியைப் படுக்கப் போட்டுக் கொண்டுவராதீய, நிமித்தி வச்சுக் கொண்டாங்க."

டாக்சியின் பின்சீட்டில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன். செங்குத்தான இரும்பு ஏணி ஏறினால் அவருடைய மாடி அறை. அவரும் உதவிக்கு இருந்த பையனும் இரண்டு பக்கமும் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கியபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்பளம் மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஒரு பக்கம் வளைந்தாலே கீறிவிடுமாம்; ஓரத்து ரிப்பன் ஒன்று கிழிந்தாலும் நெடுக்குக் கோடு விழுந்து, டிவியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அடுத்து மூன்று வெள்ளைத் தாள்கள் இருந்தன. எது மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டுதான் எடுத்தார்.

அடியில் மூன்று பட்டைகள், பட்டைக்கு எட்டு எல்.இ.டி. ஒவ்வொன்றின் தலையிலும் குமிழ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் லென்ஸ், மூன்று குட்டிக் கால்களில் பசையால் ஒட்டி நிற்கிறது. அந்த லென்ஸ்தான் வெளிச்சத்தை நாலாபக்கமும் பரப்புகிறது. வருடக்கணக்காகச் சூடு ஏறி இறங்கி, பசை காய்ந்து, லென்ஸ் கழன்று விழுந்துவிட்டால் எல்.இ.டி.யின் வெளிச்சம் நேராக வந்து ஒரே இடத்தில் அடிக்கும். நாங்கள் பார்த்த வட்டம் அதுதான். ஐந்து லென்சும் அடித்தட்டில் உருண்டு கிடந்தன.

"ஃபெவிக்விக் போட்டா ஆகாதா அண்ணாச்சி?"

"அதோட ஆவி பட்டா லென்சு வெளுத்துப் போயிரும். நான் அரால்டைட்தான் போடுவேன், காலுக்கு மட்டும். ராத்திரி பூரா காயணும்."

விழுந்த ஐந்தை மட்டுமல்ல, தொட்டால் ஆடிய ஏழு லென்சையும் எடுத்து ஒட்டினார். மறுநாள் போய் எடுத்துக்கொண்டேன், 1,800 ரூபாய். வீட்டுக்குப் போய்ச் செய்யச் சொன்னது ஒன்றுதான்: பேக்லைட்டை, அதாவது பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை, குறை. கடையில் விற்றபோது இருந்தபடியே ஐந்து வருடத்துக்கும் மேலாக 100-ல் வைத்திருந்தோம். அறைக்கு அது அநியாய வெளிச்சம் என்று இப்போதுதான் தெரிகிறது. 60-ல் வைத்த முதல் வாரம் அம்மா "மங்கலா இருக்குடா" என்றார், அப்புறம் மறந்துவிட்டார். ஒரு தாளில் மட்டும் விரல் ரேகை மாதிரி லேசான கறை தங்கிவிட்டது. வெள்ளைத் திரையில் வலது மேல் மூலையில் தேடினால் தெரியும். இந்த வேலையை நீங்களே வீட்டில் செய்து பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஜோடிப் பழகிய கைகள் வேண்டும்.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. புது வட்டம் எதுவும் இல்லை. கீழே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம், மனைவி இல்லவே இல்லை என்கிறாள். டிவி திரும்பி வந்த அன்று ஒவ்வொரு நிறமாக முழுத் திரையில் போட்டுச் சோதித்தோம். கறுப்பு வந்ததும் மகள் இடது ஓரத்தில் முகத்தை வைத்துத் தேடினாள். பச்சைப் புள்ளியைக் காணோம். அண்ணாச்சியிடம் போன் செய்து கேட்டேன், அவர் அதைப் பார்க்கவே இல்லையாம். எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.